லேமினேட் செய்த மருந்துச் சீட்டு

ரோசரி கீழே இறங்கி ஆறு வாரமாகிவிட்டது. பாலக்கரைப் பக்கத்து வாரியக் குடியிருப்பில் மூன்றாம் மாடி வீடு. லிஃப்ட் கிடையாது. ஐம்பத்து நான்கு படிகள். ஒரு காலத்தில் இடுப்பில் தண்ணீர்க் குடமும் வாயில் செபமுமாக ஏறிய படிகள்தான். இப்போது வாசலைத் தாண்டி நடைக்கு வந்தாலே நெஞ்சுக்குள் யாரோ ஈரத் துணியைத் திணித்ததுபோல மூச்சு முட்டியது. இரவில் படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்தே தூங்கினாள்.

காய்கறி வண்டி வந்தால் சன்னல் வழியே கயிறு கட்டிய கூடையை இறக்குவாள். வண்டிக்காரி வள்ளிக்கண்ணு கீழேயிருந்து கத்துவாள்.

"என்னக்கா, சாமி மாதிரி மேலேயே உக்காந்துகிட்டீங்க? காணிக்கையை மட்டும் கூடையில வாங்கிக்கிறீங்க!"

"வரம் குடுக்கத்தான் முடியல கண்ணு. கத்திரிக்கா முத்தலா போட்டுடாத."

அவ்வளவு பேசுவதற்கே இரண்டு முறை நிறுத்தி மூச்சு வாங்க வேண்டியிருந்தது. அந்தச் சன்னலில் மலைக்கோட்டை தெரியும். மழை பெய்து ஓய்ந்த நாளில் அதற்கப்பால் ஸ்ரீரங்கத்துக் கோபுரத்தின் நுனியும் தெரியும். ஊரெல்லாம் கண்ணுக்கு எட்டியது, காலுக்குத்தான் எட்டவில்லை.

ரோசரிக்கு வயது ஐம்பத்து மூன்று. அப்பா பொன்மலைச் சந்தையில் மூட்டை தூக்கியவர். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. கன்னியாஸ்திரிகள் சொல்லிக் கொடுத்த தையல் மட்டும் நிற்கவில்லை. கணவர் பெனடிக்ட்டுக்கு மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு ஜவுளிக் கடையில், வாங்கிய துணியைப் பையில் போட்டுக் கொடுக்கும் வேலை. அந்தக் கடைப் புடவைகளுக்கு ஃபால்ஸ் வைத்து ஓரம் அடித்துக் கொடுப்பது ரோசரி. முப்பது வருடமாக அவள் கால் தையல் மெஷினை மிதித்துக்கொண்டே இருந்தது. ஒரே மகள் சுஜாவைப் படிக்க வைத்ததும், ஓசூரில் கட்டிக் கொடுத்ததும் அந்த மிதியில்தான்.

கால் என்றால் ரோசரிக்கு அக்கா அருளாயியின் நினைவு வரும். அருளாயிக்குச் சர்க்கரை நோய். சுண்டுவிரலில் செருப்புக் கடித்த ஒரு சின்னக் கொப்புளம். முதலில் விரலை எடுத்தார்கள், பிறகு பாதத்தை, பிறகு முழங்காலுக்குக் கீழே முழுதையும். கட்டிலில் கிடந்தபடி, "ரோசு, கால் அரிக்குதுடி, கொஞ்சம் சொறிஞ்சு விடேன்" என்று இல்லாத காலைக் காட்டுவாள். ரோசரியும் போர்வை சப்பென்று கிடக்கிற இடத்தில் விரலால் சொறிந்து விடுவாள். வருடம் திரும்புவதற்குள் அக்கா போய்விட்டாள்.

அடுத்த வருடம் ரோசரிக்கே சர்க்கரை என்று தெரிந்தபோது அவள் முதலில் குனிந்து பார்த்தது தன் பாதங்களைத்தான்.

அந்தப் பகுதி சுகாதார நிலையத்திலிருந்து மாதம் ஒருமுறை ஃபெமினா வருவாள். சின்ன வயதுப் பெண். அதே பங்குக் கோயிலில் பாட்டுக் குழுவில் பாடுகிறவள். விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்ப்பாள், இரண்டு வகை மாத்திரை கொடுப்பாள், நோட்டில் குறித்துக்கொள்வாள். ரோசரியும் ஒழுங்காகச் சாப்பிட்டாள். ஆனாலும் சர்க்கரை இருநூற்று எண்பது, முந்நூறு என்றே நின்றது.

"அடுத்த மாசமும் இப்படியே இருந்தா பெரிய டாக்டர்கிட்ட போவோம் ஆன்ட்டி. மாத்திரையை மாத்திப் பார்ப்பாங்க" என்றாள் ஃபெமினா.

அடுத்த மாதம் வரை ரோசரிக்குப் பொறுக்கவில்லை. இருக்கிற நேரமெல்லாம் விரல் இடுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் புடவை தைக்கக் கொடுக்கும் மகாலட்சுமி மாமி சொன்னாள்.

"எங்காத்துக்காரர் பார்க்கற டாக்டர் இருக்கார் ரோசரி. வயசானவர். கைராசின்னா அப்படி ஒரு கைராசி. ஒருதரம் போய்ட்டு வாயேன்."

போனாள். அந்தப் பெரியவர் நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்தார், காலை அழுத்திப் பார்த்தார், சீட்டின் இரண்டு பக்கமும் எழுதினார். "மூணு மருந்து சேர்ந்த ஒரே மாத்திரை. காலையில ஒண்ணு. ஒரு மாசம் கழிச்சு வந்து காட்டணும். தெரிஞ்சுதா?" என்றார். தெரிந்தது என்று தலையாட்டினாள்.

ஒரு மாதத்தில் சர்க்கரை நூற்றுப் பதினெட்டு. நன்றாக ஆகிவிட்ட உடம்பை டாக்டரிடம் எதற்குக் கொண்டுபோய்க் காட்டுவது என்று ரோசரி போகவில்லை. அடுத்த தீபாவளிக்குள் அந்தப் பெரியவரும் மருத்துவமனையை மூடிவிட்டு பெங்களூருக்குப் போய்ப் பிள்ளையோடு சேர்ந்துகொண்டார்.

சீட்டு மட்டும் இருந்தது. மாதாமாதம் பெனடிக்ட்டின் சட்டைப் பையில் போய்வந்து, வியர்வையில் ஊறி, மடிப்பில் பிய்யத் தொடங்கியது. ரோசரி பதறிப்போனாள். எழுதியவரே ஊரில் இல்லை, சீட்டும் போய்விட்டால்? பெனடிக்ட் அதைத் தெப்பக்குளத்துப் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அப்ராரிடம் கொண்டுபோனார்.

"ஆதார் கார்டை லேமினேட் பண்ணுவாங்க, பத்திரத்தைப் பண்ணுவாங்க. மருந்துச் சீட்டைக் கொண்டாந்த முதல் ஆளு நீங்கதான் அண்ணே" என்று சிரித்தார் அப்ரார்.

"கிழியக் கூடாதுல்ல பாய். எங்க வீட்டம்மா உசுரே இதுலதான் இருக்கு."

பளபளவென்று கண்ணாடித் தாளுக்குள் வந்த சீட்டை ரோசரி திரு இருதய ஆண்டவர் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள். படத்தின் முன்னே சிவப்புச் சின்ன பல்பு இரவும் பகலும் எரியும். காலையில் அதன் முன் நின்று சிலுவை போட்டுக்கொண்டு மாத்திரையை விழுங்குவாள். நான்கு வருடம் ஒரு நாளும் தவறியதில்லை.

இதில் ஒரு பொய்யும் சேர்ந்துகொண்டது. அந்த நூற்றுப் பதினெட்டை முதலில் பார்த்தவள் ஃபெமினாதான். அவள் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

"பார்த்தீங்களா ஆன்ட்டி! நம்ம மாத்திரையை விடாம சாப்பிட்டா கேக்கும்னு நான் சொன்னேன்ல?"

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு இல்லை என்று சொல்ல ரோசரிக்கு வாய் வரவில்லை. "ஆமா கண்ணு" என்றாள். அந்த ஒரு சொல்லை அதன்பிறகு மாதாமாதம் சொல்ல வேண்டியதாயிற்று. ஃபெமினா கொடுத்த மாத்திரைகளைக் குப்பையில் போடுவது பாவம் என்று பட்டது. பரணில் இருந்த பழைய முறுக்கு டின்னில் அட்டை அட்டையாகப் போட்டு வைத்தாள். டின் நிறைந்துகொண்டே வந்தது.

முதலில் இறுகியது மெட்டி. பிறகு செருப்பு வாரில் கால் நுழையவில்லை. சாயங்காலமானால் கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினால் குழி விழுந்து, அது நிறைய நேரம் பிடித்தது. போனில் முகம் பார்த்துப் பேசிய சுஜா, "அம்மா, நல்லா சதை போட்டிருக்கியே!" என்றாள். தையல் மெஷின் மிதித்தால் பத்து நிமிடத்தில் இரைத்தது. கால் வீங்குகிறது என்றால் ரோசரிக்குத் தோன்றியது ஒன்றே ஒன்று: சர்க்கரை காலுக்கு வந்துவிட்டது. அதனால் அந்த மாத்திரையை இன்னும் பயபக்தியோடு விழுங்கினாள்.

தவக்காலத்தில் ஒரு மத்தியானம் தாடையெல்லாம் இழுத்துப் பிடித்து உடம்பு வியர்த்துக் கொட்டியது. வாயுவாக இருக்கும் என்று ஓமத் தண்ணீர் குடித்தாள். சாயங்காலத்துக்குள் அதுவாகவே அடங்கியது. அந்த மாதம் வந்த ஃபெமினாதான் அவள் மூச்சு விடுவதைப் பார்த்துப் பயந்து, தானே கூட்டிக்கொண்டு பெரிய மருத்துவமனைக்குப் போனாள்.

இருதயத்தைப் படம் பிடித்துப் பார்த்த டாக்டர் சின்ன வயதுக்காரர். பொறுமையாகப் பேசினார்.

"அம்மா, உங்களுக்கு ஏற்கெனவே ஒரு அட்டாக் வந்து போயிருக்கு."

"இல்லையே சார். வாயுப் பிடிப்புதான் ஒரு நாள் வந்துச்சு."

"அதுதாம்மா. சர்க்கரை இருக்கறவங்களுக்குச் சில நேரம் வலி சரியாத் தெரியாது. இப்ப இருதயம் கொஞ்சம் சோர்ந்து போயிருக்கு. ரத்தத்தை நல்லாத் தள்ள மாட்டேங்குது. அதான் தண்ணி தேங்குது. சர்க்கரைக்கு என்ன சாப்பிடுறீங்க?"

ஃபெமினா நோட்டை நீட்டினாள். எல்லாக் கட்டத்திலும் அவள் கையால் போட்ட டிக்.

"இது ரெண்டுதானா? வேற எதுவும் இல்லையே?"

பெனடிக்ட் அந்த நேரம் சீட்டுப் பதியும் வரிசையில் நின்றார். அவர் இருந்திருந்தால் ஒருவேளை வாய் தவறியாவது சொல்லியிருப்பார். ஃபெமினா பக்கத்தில் நின்று ரோசரியின் தோளைத் தடவிக்கொண்டிருந்தாள். இப்போது சொன்னால் இந்தப் பெண்ணின் நோட்டு முழுதும் பொய்யாகிவிடும், மேலே உள்ளவர்கள் இவளைத்தானே கேட்பார்கள் என்று ஒரு பயம். அந்த மாத்திரையை நிறுத்திவிட்டால் சர்க்கரை ஏறிவிடும், கால் போய்விடும் என்று இன்னொரு பயம். ரோசரி இல்லை என்று தலையசைத்தாள்.

நீர் பிரிய ஒரு மாத்திரை, இருதயத்துக்கு மூன்று மாத்திரை கொடுத்தார்கள். உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். வீக்கம் கொஞ்சம் வடிந்து, மறுபடி ஏறியது. டாக்டர் நீர் மாத்திரையைக் கூட்டினார். மறுபடி ஏறியது.

"கணக்குக்கு வர மாட்டேங்குதே. உப்பு சேக்கறீங்களாம்மா?" என்று கேட்டார்.

பெனடிக்ட் அன்றிலிருந்து வீட்டில் போலீஸ்காரராக மாறினார். ஊறுகாய் பாட்டிலைக் கடைக்குக் கொண்டுபோய்விட்டார். வேலை முடிந்து வந்ததும் சமையலறையில் மூக்கை உறிஞ்சுவார்.

"ரோசு, உண்மையைச் சொல்லு. கருவாடு வறுத்தியா?"

"கீழ் வீட்டுல வறுத்தாங்க."

"கீழ் வீட்டுல வறுத்தா உன் கால் எப்படிடி வீங்கும்?"

செய்யாத தப்புக்குத் திட்டு வாங்குவதில் ரோசரிக்கு ஒருவித ஆறுதல் கூட இருந்தது. செய்த தப்பு படத்துக்குப் பின்னால் பளபளவென்று இருந்தது.

நடுவில் ஒரு பத்து நாள் வந்தது. வழக்கமான மருந்துக் கடையில் அந்த மாத்திரை இருப்பில்லை. பெனடிக்ட் வேறு இரண்டு கடைகளில் கேட்டார். நான்கு வருடத்துச் சீட்டு, புதுச் சீட்டு கொண்டுவாருங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். ரோசரி பயந்து செத்தாள். ஃபெமினாவின் மாத்திரைகள் பரணில்தான் இருந்தன. அதைச் சாப்பிட்டுத்தானே முந்நூறில் நின்றது என்று அதைத் தொடவும் இல்லை. ஆனால் ஏழெட்டு நாளில் மெட்டி விரலில் சுழன்றது. ஒரு நாள் தலையணையில் தலை வைத்துப் படுத்தாள். நடை வரை போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தாள்.

ஒன்பதாம் நாள் ஃபெமினா வந்து விரலைக் குத்தினாள். இருநூற்று நாற்பத்தாறு.

"என்ன ஆன்ட்டி இது? மாத்திரை போடுறீங்கல்ல?"

"ஆமா கண்ணு."

மறுநாள் கடையில் மாத்திரை வந்துவிட்டது. பெனடிக்ட் வாங்கி வந்து அவள் கையில் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனார். ரோசரி படத்தின் முன்னே நின்றாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. இதைப் போட்டால் மூச்சு போகிறது. போடாவிட்டால் கால் போகும். அருளாயியின் போர்வை சப்பென்று கிடந்தது கண் முன்னே வந்தது. "ஆண்டவரே, நீரே பார்த்துக்கொள்ளும்" என்று சொல்லி விழுங்கினாள். அடுத்த வாரம் சுவரில் சாய்ந்து தூங்கினாள்.

இனி ஒரே ஒரு வழி இருப்பதாக அவளுக்குப் பட்டது. மாதத்தின் முதல் வெள்ளி திரு இருதய ஆண்டவருக்கு உரிய நாள். கோயிலுக்கு வர முடியாத நோயாளிகளுக்கு அன்று ஃபாதர் வீட்டுக்கே நற்கருணை அப்பம் கொண்டுவருவார். அவரிடம் பாவசங்கீர்த்தனத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம். அவர் வெளியே ஒரு வார்த்தை விடமாட்டார். ஃபெமினாவுக்கும் தெரிய வேண்டாம், டாக்டருக்கும் தெரிய வேண்டாம். மனப்பாரமாவது இறங்கும்.

முதல் வெள்ளியும் வந்தது. மேசையில் வெள்ளைத் துணி விரித்து, பாடுபட்ட சுரூபம் பதித்த சிலுவையும் மெழுகுவத்தியும் ஒரு டம்ளர் தண்ணீரும் வைத்து, தலையில் முக்காட்டோடு காத்திருந்தாள். சொல்ல வேண்டியதை மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டாள். படியில் ஆள் ஏறி வரும் சத்தம் கேட்டது. இரண்டாம் மாடியில் நின்று மூச்சு வாங்கியது. பிறகு கதவருகே வந்து நின்றவர் ஃபாதர் இல்லை. அவருக்கு உதவியாகக் கோயில் வேலை பார்க்கும் ஓய்வுபெற்ற வாத்தியார் ஸ்டீபன்ராஜ்.

"மரியே வாழ்க, ரோசரிம்மா. ஃபாதர் ஒரு துக்க வீட்டுக்குப் போயிட்டாரு. நற்கருணையை என்கிட்ட குடுத்து அனுப்பினாரு." கழுத்துக் கயிற்றில் கட்டிச் சட்டைப் பைக்குள் வைத்திருந்த சின்னப் பொன்னிறச் சிமிழை மெதுவாக வெளியே எடுத்தார். "யப்பா, என்ன படிம்மா இது! மோட்சத்துக்குக் கூட இவ்வளவு படி இருக்காது."

சார் குருவானவர் இல்லை, அவரிடம் பாவசங்கீர்த்தனம் சொல்ல முடியாது. பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறாமல் நற்கருணை வாங்கவும் முடியாது.

"இன்னிக்கு எனக்கு வேண்டாம் சார்."

"ஏம்மா? சாப்பிட்டுட்டீங்களா? நோயாளிங்க வெறும் வயித்தோடதான் வாங்கணும்னு இல்லம்மா."

"அது இல்ல சார். ஃபாதர்கிட்ட ஒண்ணு சொல்லணும். சொன்ன பெறகுதான்."

அவர் ஒரு நிமிடம் அவளைப் பார்த்தார். "சரிம்மா. சாயந்திரம் வரச் சொல்றேன்" என்று சொல்லி, ஒரு சின்னச் செபம் செய்துவிட்டு, சிமிழை மூடிப் பையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த பெனடிக்ட் உள்ளேயிருந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். சட்டைப் பொத்தான் பாதியில் நின்றது. கல்யாணமான நாளிலிருந்து ரோசரி முதல் வெள்ளியில் நற்கருணை வாங்காமல் அவர் பார்த்ததில்லை.

"ஏ ரோசு, என்னடி ஆச்சு? அப்படி என்ன செஞ்ச?"

அவள் மெழுகுவத்தியை மேசை ஓரத்துக்கு நகர்த்தினாள்.

"கருவாடா?" அவர் குரல் தணிந்துவிட்டது. "கருவாடு தின்னா நற்கருணை வாங்கக் கூடாதுன்னு யாருடி சொன்னா? நானே மன்னிச்சிட்டேன், போ!"

ரோசரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தாள். சிரிப்பு இருமலாயிற்று, இருமல் இரைப்பாயிற்று. காற்று உள்ளே போகவே இல்லை. கண் இருட்டிக்கொண்டு வந்தது. பெனடிக்ட் வெள்ளைத் துணியை மேசையிலிருந்து உருவி அதாலேயே விசிறினார். சிலுவை சரிந்து விழுந்தது. கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு திரும்பியபோது, சாயங்காலம் ஃபாதர் வருகிற வரை இந்த உடம்பு இருக்குமா என்று ஒரு கேள்வி ரோசரிக்குள் எழுந்தது. இன்னொன்றும் தெரிந்தது. ஃபாதர் வந்து மன்னித்தாலும் நாளைக் காலையில் அதே மாத்திரையைத்தான் கையில் எடுக்கப் போகிறாள்.

"ஏங்க," என்றாள், "ஃபெமினாவுக்குப் போன் போடுங்க. அந்தப் பரண்ல முறுக்கு டின் இருக்கு. அதையும் இறக்குங்க."

ஃபெமினா பக்கத்துத் தெருவில்தான் இருந்தாள், ஓடி வந்தாள். ரோசரி டின் மூடியைத் திறந்து அவள் முன் தள்ளினாள். ஒரு கையளவு அட்டைகள் வழிந்து தரையில் விழுந்தன. படத்தின் பின்னால் கைவிட்டுச் சீட்டை எடுத்து அதன்மேல் வைத்தாள்.

"நீ குடுத்தது எதையும் நான் சாப்பிடல கண்ணு. நாலு வருஷமா. இதைத்தான் சாப்பிட்டேன்."

ஃபெமினா தரையில் உட்கார்ந்து அட்டைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் கண் கலங்கியது.

"என் நோட்டுல எல்லாத்துக்கும் டிக் போட்டிருக்கேன் ஆன்ட்டி. நம்ம ஏரியாவுல நல்லா மாத்திரை சாப்பிடுறவங்க யாருன்னு கேட்டப்ப உங்க பேரைத்தான் சொன்னேன்."

"தெரியும்டா. அதனாலதான் வாய் வரல."

"நான் அழுதிருப்பேன். அவ்வளவுதானே? அதுக்காகவா..." என்று பாதியில் நிறுத்திவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தாள். போனில் படம் எடுத்து மருத்துவமனைக்கு அனுப்பினாள். ஐந்து நிமிடத்தில் அழைப்பு வந்தது. பேசி முடித்தவள் எழுந்து நின்றாள்.

"அங்கிள், உடனே கிளம்பணும். இதுல இருக்கற ஒரு மருந்து இவங்க இருதயத்துக்கு ஆகவே ஆகாதாம்."

பெனடிக்ட் தரையில் சிதறிய அட்டைகளைப் பொறுக்கத் தொடங்கினார். "மாசாமாசம் நான்தானேம்மா வாங்கிக் குடுத்தேன். டாக்டருக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்" என்றார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார்.

பிளாஸ்டிக் நாற்காலியில் ரோசரியை உட்காரவைத்து, கீழ் வீட்டுச் சின்னையனும் பிச்சையும் முன்னும் பின்னும் பிடிக்க, பெனடிக்ட் பக்கத்தில் வர, ஐம்பத்து நான்கு படியும் இறக்கினார்கள். திருப்பத்தில் நாற்காலி சாய்ந்தது.

"மெதுவாடா பிச்சை, சப்பரம் தூக்கற மாதிரி ஆட்டாத!" என்று சின்னையன் சத்தம் போட்டார்.

"சப்பரம் தூக்கினாப் பொங்கலாவது குடுப்பாங்க!"

கீழே வள்ளிக்கண்ணு வண்டியை விட்டுவிட்டு வந்து நின்றாள். கேலி எதுவும் பேசவில்லை. ஆட்டோவில் ஏறும்போது ரோசரியின் முந்தானையை இழுத்துச் சரிசெய்துவிட்டாள்.

ஆறு நாள் மருத்துவமனையில் இருந்தாள். இரண்டாம் நாள் ஃபாதர் அங்கேயே வந்தார். அவரிடம் சொன்னது அவர்கள் இருவருக்கும் ஆண்டவருக்கும் மட்டும் தெரியும். டாக்டர் சொன்னது எல்லோர் முன்னிலையிலும்தான்.

"இந்த மாத்திரை கெட்டது இல்லம்மா. எத்தனையோ பேருக்கு நல்லா வேலை செய்யுது. உங்க சர்க்கரையையும் இறக்குச்சுதானே? ஆனா இதுல ஒரு மருந்து உடம்புல உப்பையும் தண்ணியையும் பிடிச்சு வைக்கும். இருதயம் பலமா இருந்தா சமாளிக்கும். சோர்ந்து போன இருதயத்துக்கு அது பாரம். நான் ஒரு பக்கம் தண்ணியை இறைக்கிறேன், நீங்க ஒரு பக்கம் ஊத்திக்கிட்டே இருந்திருக்கீங்க."

சீட்டைத் திருப்பினார். பின்பக்கம் இங்கிலீஷில் நுணுக்கி எழுதியிருந்ததை விரல் வைத்துப் படித்துத் தமிழில் சொன்னார். ஒரு மாதம் கழித்துக் கண்டிப்பாக வரவும். காலில் வீக்கமோ மூச்சிரைப்போ வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே வரவும்.

நான்கு வருடமாக ஒரு எழுத்துகூட அழியவில்லை.

ரோசரி போர்வைக்குள் இருந்த தன் பாதங்களைப் பார்த்தாள். பிறகு கேட்டாள். "அப்ப என் கால், சார்?"

"காலைப் பார்த்துக்கலாம். வேற மாத்திரை இருக்கு. சர்க்கரையைச் சிறுநீர்ல வெளியேத்தும், இருதயத்துக்கும் நல்லது. சுத்தமா இருக்கணும். காய்ச்சல், வாந்தின்னு சாப்பிட முடியாமப் போனா அதை நிறுத்திட்டு எங்களைக் கேக்கணும். அப்புறம் ஒருசந்தி, பட்டினி எதுவும் எங்களைக் கேக்காம கூடாது."

"பெரிய வெள்ளிக்கிழமைக்குமா?"

"பெரிய வெள்ளிக்கிழமைக்கும்தான்."

வீட்டுக்கு அதே நாற்காலியில் ஏறி வந்தாள். உடம்பிலிருந்து ஆறு கிலோ தண்ணீர் போயிருந்தது. தலையணையில் தலை வைத்துப் படுக்க முடிந்தது. ஆனால் இருதயம் பழையபடி ஆகிவிடும் என்று யாரும் சொல்லவில்லை. சர்க்கரை நூற்றுத் தொண்ணூறு, இருநூறு என்று நின்றது. மெல்ல இறங்கும், பொறுங்கள் என்றார்கள். ரோசரி தினமும் முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்த்தாள். பயம் எங்கும் போய்விடவில்லை, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. தையல் மெஷினைச் சுவர்ப் பக்கம் தள்ளி, மேலே துணி போட்டு மூடியாயிற்று.

ஃபெமினாவின் நோட்டில் சிவப்பு மையால் அடித்துத் திருத்தினார்கள். அவளுக்கு மேலிடத்தில் கொஞ்சம் திட்டு விழுந்தது. இருந்தாலும் அவள் வருவதை நிறுத்தவில்லை. இப்போது முன்னால் நின்று விழுங்கச் சொல்கிறாள்.

"வாயைத் திறங்க ஆன்ட்டி. நாக்கைத் தூக்குங்க."

"கீழ்ப்பாக்கத்துல கூட இப்படிப் பார்க்க மாட்டாங்கடி."

"அவங்களை யாரும் நாலு வருஷம் ஏமாத்தியிருக்க மாட்டாங்க."

புதுச் சீட்டைப் பெனடிக்ட் ஒருநாள் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பழக்க தோஷம். "இதையும் அப்ரார் பாய்கிட்ட குடுத்து லேமினேட் பண்ணிடட்டுமா ரோசு? கசங்கிடப் போகுது."

"கசங்கட்டுங்க" என்றாள் ரோசரி. "அது ஒரு மாசத்துக்குத்தான்."

அடுத்த முதல் வெள்ளி காலையில் அவள் வெள்ளைத் துணியை மேசையில் விரிக்கவில்லை. முக்காடு போட்டுக்கொண்டு, கம்பியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினாள். ஒரு மாடி இறங்கியதும் முடியவில்லை. இரண்டாம் மாடித் திருப்பத்தில் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கீழே தெருவில் வள்ளிக்கண்ணு கத்திரிக்காய் என்று கூவுவது கேட்டது. இன்னும் இரண்டு மாடி. திரும்ப ஏறினாலும் ஒரு மாடி.

கீழேயிருந்து ஸ்டீபன்ராஜ் சார் ஏறி வந்தார். அவளைப் பார்த்ததும் அவரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சு வாங்கினார்.

"இங்கேயே வாங்கிக்கிறீங்களாம்மா?"

"இங்கேயே குடுங்க சார். இவ்வளவு தூரம்தான் இன்னிக்கு வர முடிஞ்சுது."

அவர் பையிலிருந்து சிமிழை எடுத்தார். பக்கத்து வீட்டுக் கதவு திறந்து, உள்ளே ஓடிக்கொண்டிருந்த டி.வி.யின் சத்தத்தை யாரோ குறைத்தார்கள். ரோசரி படியில் உட்கார்ந்தபடியே கண்ணை மூடி, வாயைத் திறந்தாள்.